மலேரியா மாத்திரைக்குள் இருக்கும் மரமும் செடியும்

"மலேரியாவுக்கு மூலிகை மருந்து ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்பவர்கள் மனதுக்குள் ஒரு கோடு போட்டுவிட்டுத்தான் கேட்கிறார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் இங்கிலீஷ் மருந்து, இந்தப் பக்கம் மூலிகை. மலேரியா விஷயத்தில் அந்தக் கோடு நிற்காது. கடும் மலேரியாவோடு வருபவருக்கு இன்று மருத்துவமனையில் நரம்பு வழியே போடும் ஆர்டிசுனேட் ஊசியின் மூலப்பொருளான ஆர்டிமிசினின் ஒரு செடியின் இலையிலிருந்து வருகிறது. அதற்கு முன் முந்நூறு ஆண்டுகள் உலகம் நம்பியிருந்த கொயினா, ஒரு மரத்தின் பட்டையிலிருந்து வந்தது.

சரி, அப்படியானால் இலையைப் பறித்துக் கஷாயம் வைத்துக் குடித்தால் போதுமே என்று தோன்றும். அங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். செடிக்குள் மருந்து இருப்பது ஒன்று, செடியே மருந்தாவது வேறொன்று. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பது கொயினாவின் கதையிலும் ஆர்டிமிசினின் கதையிலும் நன்றாகவே தெரிகிறது.

முதலில் நோயைப் பார்த்துவிடுவோம். மலேரியாவை உண்டாக்குவது பிளாஸ்மோடியம் என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. பெண் அனோபிலிஸ் கொசு கடிக்கும்போது அது உடலுக்குள் வருகிறது. சில நாள் கல்லீரலில் தங்கிப் பெருகுகிறது. பிறகு ரத்தத்தில் இறங்கிச் சிவப்பணுக்களுக்குள் புகுந்துகொள்கிறது. அங்கே ஹீமோகுளோபினைத் தின்று வளர்ந்து, பலவாகப் பெருகி, அணுவை உடைத்துக்கொண்டு வெளியே வந்து அடுத்த அணுக்களுக்குள் போகிறது. அணுக்கள் கூட்டம் கூட்டமாக உடையும் நேரத்தில்தான் உடம்பைத் தூக்கிப் போடும் அந்தக் குளிரும் நடுக்கமும் வரும். பழைய ஆட்கள் முறைக்காய்ச்சல் என்று சொன்னது பெரும்பாலும் இதைத்தான். இந்தியாவில் அதிகம் காண்பது வைவாக்ஸ், ஃபால்சிபாரம் என்ற இரண்டு வகை. ஃபால்சிபாரம் மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கி ஆளைக் கொல்லக்கூடியது. 2023இல் உலகம் முழுவதும் 26 கோடிப் பேருக்கு மலேரியா வந்தது, சுமார் 6 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. இறந்தவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவின் சின்னக் குழந்தைகள்.

ஒட்டுண்ணி ஹீமோகுளோபினைத் தின்கிறது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கொயினாவும் சரி, ஆர்டிமிசினினும் சரி, அந்தச் சாப்பாட்டு வேளையில்தான் அதைப் பிடிக்கின்றன.

கொயினா தரும் சின்கோனா மரத்தின் சொந்த ஊர் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைச் சரிவுகள், அதாவது இன்றைய பெரு, எக்வடோர், பொலிவியா. அங்கே மதப்பணி செய்த ஏசு சபைப் பாதிரியார்கள் வழியாக 17ஆம் நூற்றாண்டில் பட்டைத்தூள் ஐரோப்பாவுக்குப் போனது. ரோமாபுரியைச் சுற்றியிருந்த சதுப்பு நிலங்களில் அப்போது மலேரியா கொடிகட்டிப் பறந்த காலம். பட்டைத்தூள் கேட்டது. ஆனால் எல்லோருக்கும் கேட்கவில்லை. ஒரு மூட்டை வேலை செய்தது, அடுத்த மூட்டை செய்யவில்லை. வேறு மரத்துப் பட்டையைக் கலந்து விற்றவர்களும் இருந்தார்கள். கலப்படம் இல்லாவிட்டாலும் மரத்துக்கு மரம், மலைக்கு மலை பட்டையின் வீரியம் மாறியது. வீரியம் எதிலிருந்து வருகிறது என்றே தெரியாதபோது அதை எப்படி அளப்பது?

1820இல் பாரிஸில் பெல்த்தியே, காவந்து என்ற இரண்டு மருந்தியலாளர்கள் பட்டையிலிருந்து கொயினாவைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். மருந்துக்கு எடை வந்தது அன்றைக்குத்தான். இத்தனை கிராம் கொடு, இத்தனை நாள் கொடு என்று அதன் பிறகுதான் சொல்ல முடிந்தது. இன்னொன்றையும் கவனியுங்கள். ரத்தத்தில் மலேரியா ஒட்டுண்ணியை லவேரான் முதன்முதலில் பார்த்தது 1880இல். கொசுவின் பங்கை செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்டுபிடித்தது 1897இல். எதைக் கொல்கிறோம் என்றே தெரியாமல் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் அதைச் சரியாகக் கொன்றுகொண்டிருந்தது அந்தப் பட்டை.

தமிழ்நாட்டுக்கு இந்தக் கதையில் சின்ன வேடமல்ல. மலேரியா நாடுகளை ஆள வேண்டுமென்றால் கொயினா வேண்டும். மரமோ தென் அமெரிக்காவில் இருந்தது. அங்கிருந்த அரசுகள் அதை வெளியே விட விரும்பவில்லை. கிளெமென்ட்ஸ் மார்க்கம் தலைமையில் பிரிட்டிஷார் நாற்றுகளையும் விதைகளையும் கடத்தாத குறையாகக் கொண்டுவந்து 1860இல் நீலகிரியில் இறக்கினார்கள். ஊட்டி தாவரவியல் பூங்காவைக் கவனித்துவந்த மக்கைவர் அவற்றை வளர்த்தெடுத்தார். தொட்டபெட்டாவிலும், கூடலூர்ப் பாதையில் இருக்கும் நடுவட்டத்திலும் சின்கோனாத் தோட்டங்கள் எழுந்தன. நடுவட்டம் தோட்ட வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்களில் சீனக் கைதிகளும் உண்டு. பட்டைக்காக மரத்தையே வெட்டுவதுதான் அதுவரை வழக்கம். மக்கைவர் பட்டையைக் கீற்றுக் கீற்றாக உரித்து, உரித்த இடத்தைப் பாசியால் மூடிக் கட்டினார். புதுப் பட்டை வளர்ந்தது. வால்பாறைப் பக்கம் சின்கோனா என்ற பெயரிலேயே ஓர் ஊர் இன்றைக்கும் இருக்கிறது. சுற்றிலும் இப்போது தேயிலை. இலங்கையிலும் இதே கதைதான். 1861இல் ஹக்கல பூங்கா சின்கோனாவுக்காகவே தொடங்கப்பட்டது. நோயால் காப்பிச் செடிகள் அழிந்தபோது 1880களில் மலையகத் தோட்டக்காரர்கள் சின்கோனாவுக்குத் தாவினார்கள், சந்தையில் பட்டை குவிந்து விலை சரிந்தது, அப்புறம் தேயிலை வந்தது. மூன்று பயிரையும் நட்டதும் பறித்ததும் பெரும்பாலும் தமிழ்க் கைகள்.

நீலகிரியில் நன்றாக வளர்ந்தது சிவப்புப் பட்டை வகை. அதில் கொயினா குறைவு. ஆனால் சின்கோனாப் பட்டையில் கொயினாவுக்கு கினிடின், சின்கோனின், சின்கோனிடின் என்று மூன்று உடன்பிறப்புகள் உண்டு; சிவப்புப் பட்டையில் சின்கோனினும் சின்கோனிடினும் நிறைய. அப்படியானால் இந்தப் பட்டை வீணா? இதைச் சோதிக்க 1866இல் மதராஸ் மாகாணத்தில் ஒரு குழு அமைத்தார்கள். 2,472 காய்ச்சல் நோயாளிகளுக்கு நான்கில் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆயிரம் பேருக்கு எத்தனை பேரிடம் மருந்து தோற்றது என்று கணக்கிட்டதில் கினிடினுக்கு 6, கொயினாவுக்கு 7, சின்கோனிடினுக்கு 10, சின்கோனினுக்கு 23 வந்தது. ரத்தத்தில் ஒட்டுண்ணியைப் பார்க்கும் வழி அன்று இல்லை என்பதால் இந்த எண்களை அப்படியே நம்பிவிட முடியாது. அந்தக் காய்ச்சல்களில் எத்தனை மலேரியா என்பது கடவுளுக்கே வெளிச்சம். இருந்தாலும் ஒரு பட்டைக்குள் நான்கு மருந்து இருந்தால் நான்கையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே யோசித்தது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. கொயினா மட்டுமே வேண்டும் என்ற பிடிவாதம் இதனால் தளர்ந்தது. நான்கும் கலந்த மலிவான தூள் ஏழைகளுக்குக் கிடைத்தது. 1892 முதல் வங்காளத்தில் தபால் நிலையங்களிலேயே சின்னப் பொட்டலங்களில் கொயினா விற்றார்கள்.

ஆனால் பந்தயத்தில் வென்றது நீலகிரி அல்ல, ஜாவா. பொலிவியாவில் மானுவேல் இங்க்ரா மாமானி என்ற பழங்குடி மனிதர் எந்த மரம் உசத்தி என்று அறிந்து விதை சேகரித்துத் தந்தார். அவருடைய முதலாளி சார்லஸ் லெட்ஜர் அதை லண்டனுக்கு அனுப்பினார். பிரிட்டிஷ் அரசு வேண்டாம் என்றது. 1865இல் டச்சுக்காரர்கள் கொஞ்சம் வாங்கி ஜாவாவில் விதைத்தார்கள். அதில் வளர்ந்த சில மரங்களின் பட்டையில் கொயினா 10 சதவீதத்தைத் தாண்டியது. இரண்டாம் உலகப்போருக்கு முன் உலகக் கொயினாவில் 90 சதவீதத்துக்கு மேல் ஜாவாவிலிருந்து போனது. அந்த மரத்துக்கு லெட்ஜரின் பெயரை வைத்தார்கள். மாமானி சிறையில் அடித்து வதைக்கப்பட்டு, அதனாலேயே இறந்துபோனார்.

கொயினா எப்படி வேலை செய்கிறது? ஒட்டுண்ணி ஹீமோகுளோபினைத் தின்னும்போது, மீனைத் தின்றவன் இலையில் முள் மிஞ்சுவதுபோல, ஹீம் என்ற இரும்புள்ள பொருள் மிஞ்சுகிறது. இந்த முள் ஒட்டுண்ணிக்கே விஷம். அதனால் அது ஹீமை ஒன்றோடொன்று அடுக்கிக் கரையாத படிகமாக மாற்றி ஓரத்தில் ஒதுக்கிவிடுகிறது. கொயினா இந்தப் படிகமாக்கும் வேலையைக் கெடுக்கிறது. விஷம் ஒதுங்காமல் சேர்ந்துகொண்டே போக, ஒட்டுண்ணி தான் தின்ற சோற்றாலேயே சாகிறது.

நல்ல மருந்துதான், ஆனால் சாதுவானதில்லை. காதில் இரைச்சல், தலைசுற்றல், குமட்டல், ரத்தத்தில் சர்க்கரை குறைவது எல்லாம் உண்டு. நோயைக் கொல்லும் அளவுக்கும் ஆளைப் படுத்தும் அளவுக்கும் இடைவெளி சிறியது. கூடவே அந்தக் கசப்பு. கசப்புக்கு உவமை சொல்ல வேப்பங்காய்க்கு அடுத்து நம்மவர்கள் கொயினாவைத்தானே எடுத்தார்கள்! நாளுக்கு மூன்று வேளை, ஏழு நாள் என்று விழுங்கச் சொன்னால் நான்காம் நாளே நிறுத்திவிடுவது மனித இயல்பு.

மரத்துக்குப் பதில் ஆய்வகத்தில் செய்ய முடியுமா என்று பலர் முயன்றார்கள். 1856இல் கொயினா செய்யப் போன 18 வயது வில்லியம் பெர்கினுக்குக் கிடைத்ததோ ஊதாச் சாயம். நவீன சாயத் தொழிலே அதிலிருந்து பிறந்தது. 1934இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் ஹான்ஸ் ஆண்டர்சாக் குளோரோகுயினைச் செய்தார். கொயினாவில் இருக்கும் கினோலின் வளையம் இதிலும் உண்டு, அடிக்கும் இடமும் அதே ஹீம்தான். 1942இல் ஜப்பான் ஜாவாவைப் பிடித்ததும் நேச நாடுகளுக்குப் பட்டை வருவது நின்றுபோனது; செயற்கை மருந்துகளுக்குக் காலம் வந்தது. போருக்குப் பின் குளோரோகுயின் உலகெங்கும் பரவியது. மலிவு, பாதுகாப்பு, மூன்று நாளில் முடிந்துவிடும். சின்கோனாத் தோட்டங்கள் தேவையற்றுப் போயின.

பத்துப் பதினைந்து ஆண்டுகூடத் தாங்கவில்லை. 1950களின் கடைசியில் தாய்லாந்து கம்போடியா எல்லையிலும் கொலம்பியாவிலும் குளோரோகுயினுக்கு அசையாத ஃபால்சிபாரம் தலைகாட்டியது. மெல்ல உலகெங்கும் பரவியது.

அடுத்த செடி வியட்நாம் போரிலிருந்து வந்தது என்று சொன்னாலும் தப்பில்லை. காட்டில் போரிட்ட வட வியட்நாம் வீரர்களை மலேரியா சாய்த்துக்கொண்டிருந்தது. அவர்கள் சீனாவிடம் உதவி கேட்டார்கள். 1967 மே 23 அன்று சீனா ஒரு ரகசியத் திட்டத்தைத் தொடங்கியது. தேதியை வைத்தே அதற்கு 523 என்று பெயர். பெய்ஜிங்கில் சீன மரபு மருத்துவக் கழகத்தில் வேலை பார்த்த தூ யூயூ 1969இல் அதில் ஒரு குழுவுக்குத் தலைவரானார். அவருடைய குழு பழைய ஏடுகளையும் நாட்டு வைத்தியர்களையும் தேடி இரண்டாயிரம் குறிப்புகள் வரை திரட்டியது. சுமார் 200 மூலிகைகளிலிருந்து 380க்கும் மேற்பட்ட சாறுகளை எடுத்து, மலேரியா தொற்றிய எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது.

சாங்ஷான் என்ற வேர் அதற்கு முன்பே சீன ஆய்வாளர்களின் கவனத்தில் இருந்தது. மலேரியாவை அது நன்றாகவே அடக்கியது. ஆனால் குடித்தவர்கள் வாந்தி எடுத்து ஓய்ந்துபோனார்கள். மூலிகை என்றால் பக்கவிளைவு இல்லை என்று நம்புபவர்களுக்கு இந்த வேரின் கதையைச் சொல்லலாம்.

ஆர்டிமிசியா அன்னுவா என்ற செடியின் சாறு ஒரு தடவை நல்ல பலன் தந்தது, அடுத்த தடவை ஏமாற்றியது. பட்டை மூட்டைகளின் பழைய தலைவலி மறுபடியும்! தூ யூயூ 4ஆம் நூற்றாண்டு மருத்துவர் கே ஹோங் எழுதிய குறிப்பைத் திரும்பப் படித்தார். ஒரு கைப்பிடி செடியைத் தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, சாறு முழுவதையும் குடிக்கச் சொல்கிறது அது. கொதிக்கவைக்கச் சொல்லவில்லை. நம் கஷாயத்தைப் போல அங்கேயும் மூலிகையைக் காய்ச்சித்தான் குடிப்பார்கள். குழுவும் சூடாக்கித்தான் சாறு எடுத்துவந்தது. சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்ற சந்தேகத்தில், 35 டிகிரியிலேயே கொதித்துவிடும் ஈதரை வைத்துக் குறைந்த வெப்பத்தில் இலையிலிருந்து சாறு எடுத்தார். அதிலிருந்த அமிலப் பகுதி நச்சுத்தன்மை உள்ளது என்பதால் அதை ஒதுக்கிவிட்டு மீதியை வைத்துக்கொண்டார். 1971 அக்டோபர் 4 அன்று சோதித்த 191ஆம் எண் மாதிரி எலிகளின் ரத்தத்தில் ஒட்டுண்ணியை முழுவதுமாகத் துடைத்தது. 1972இல் நோயாளிகளுக்குக் கொடுப்பதற்கு முன் தூ யூயூவும் சகாக்களும் தாங்களே அதைக் குடித்துப் பார்த்தார்கள். அதே ஆண்டு ஆர்டிமிசினின் தூய படிகமாகக் கையில் கிடைத்தது. 2015இல் தூ யூயூவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. திட்டத்தில் வேலை செய்தவர்கள் நூற்றுக்கணக்கானோர். ஆர்டிமீதர், ஆர்டிசுனேட் போன்ற மேம்பட்ட வடிவங்களைச் செய்தது வேறு குழுக்கள். அவர்கள் பெயர்கள் வெளியே அவ்வளவாகத் தெரியாமலே போய்விட்டன.

சூடு ஏன் ஆகாது? ஆர்டிமிசினின் மூலக்கூறின் நடுவில் இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் கைகோத்த ஒரு பாலம் இருக்கிறது. மருந்தின் உயிரே அந்தப் பாலம்தான். எளிதில் உடையக்கூடியதும் அதுதான். ஒட்டுண்ணிக்குள் சேர்ந்திருக்கும் ஹீமின் இரும்பைத் தொட்டதும் பாலம் உடைந்து, கண்ட புரதத்தையும் தாக்கும் துண்டுகள் கிளம்புகின்றன. ஒட்டுண்ணி உள்ளிருந்தே சிதைகிறது. நோயில்லாத சிவப்பணுவில் இரும்பு ஹீமோகுளோபினுக்குள் பத்திரமாக இருப்பதால் அங்கே இந்த வெடி வெடிப்பதில்லை. கொயினாவைவிட இது வேகமானது, தொந்தரவும் குறைவு. இந்தியா, வங்கதேசம், மியான்மர், இந்தோனேசியா மருத்துவமனைகளில் நடந்து 2005இல் வெளியான பெரிய ஆய்வில், கடும் மலேரியாவுக்குக் கொயினா பெற்றவர்களில் 22 சதவீதம் பேர் இறந்தார்கள். ஆர்டிசுனேட் பெற்றவர்களில் 15 சதவீதம். கொயினா முதலிடத்திலிருந்து இறங்கியது இப்படித்தான்.

ஆனால் ஆர்டிமிசினினுக்கு ஒரு பலவீனம். சில மணி நேரத்தில் உடலைவிட்டுப் போய்விடும். இங்கே ஒரு சின்னக் கணக்கு. கடும் நோயாளியின் ரத்தத்தில் லட்சம் கோடி ஒட்டுண்ணிகள்கூட இருக்கலாம். ஃபால்சிபாரத்தின் ஒரு சுற்று இரண்டு நாள். ஒவ்வொரு சுற்றிலும் ஆர்டிமிசினின் வகை மருந்து எண்ணிக்கையைப் பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கும். முதல் சுற்று முடிந்தால் 10 கோடி, இரண்டாவது முடிந்தால் பத்தாயிரம். மூன்று நாள் மாத்திரை தொடுவது இந்த இரண்டு சுற்றுகளைத்தான். நோயாளி அதற்குள் எழுந்து நடமாடத் தொடங்கியிருப்பார், ஆனால் மிச்சமுள்ள பத்தாயிரத்தை யார் பார்ப்பது? அதற்காகத்தான் உடலில் பல நாள் தங்கும் இன்னொரு மருந்தைக் கூடவே கொடுக்கிறார்கள். இதுவே கூட்டு மருந்து சிகிச்சை. ஆர்டிமீதரோடு லூமிஃபான்ட்ரின் ஒரு ஜோடி. ஆர்டிசுனேட்டோடு சல்ஃபடாக்சின் பைரிமெத்தமின் இன்னொரு ஜோடி. லூமிஃபான்ட்ரின் கொழுப்போடு சேர்ந்தால்தான் நன்றாக உறிஞ்சப்படும் என்பதால் பாலோடோ சாப்பாட்டோடோ போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். ஆர்டிமிசினினைத் தனி மாத்திரையாக விற்பதை நிறுத்துங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2006இலேயே கேட்டுக்கொண்டது. தனியாகக் கொடுத்தால் நோய் திரும்பி வருவதோடு, மருந்துக்குப் பழகிய ஒட்டுண்ணிகளும் மிஞ்சும்.

இப்போது அந்தக் கஷாயக் கேள்விக்கு வரலாம். ஆர்டிமிசியா இலைத் தேநீரையும் இலைத்தூள் மாத்திரையையும் மலேரியாவுக்குப் பரிந்துரைப்பவர்கள் இருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் அதை ஏற்கவில்லை. காரணங்கள் மேலே சொன்னதிலேயே இருக்கின்றன. ஆர்டிமிசினின் தண்ணீரில் சரியாகக் கரையாது, சூட்டில் கெடும், இலைக்கு இலை அளவு மாறும், மிச்சத்தை முடிக்கத் துணை மருந்தும் இல்லை. காய்ச்சல் ஓரிரு நாள் தணிந்ததும் குணமாகிவிட்டதாக நினைத்துக்கொள்வோம், ஃபால்சிபாரம் நினைக்காது.

பூக்கடையில் கதம்பத்துக்குச் சேர்க்கும் மரிக்கொழுந்தும், மாசிபத்திரியும் இதே ஆர்டிமிசியா பேரினம்தான். சொந்தக்காரர்கள் என்பதால் அவற்றில் மலேரியா மருந்து எடுக்கலாம் என்று கிளம்பிவிடாதீர்கள்; அந்த அளவுக்கு ஆர்டிமிசினின் அவற்றில் இல்லை. நிலவேம்புக் குடிநீரும் மலேரியாவுக்கு மருந்தல்ல. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், அதிலும் மலேரியா இருக்கும் ஊருக்குப் போய்வந்தவர் என்றால், உடனே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்ப்பார்கள். எந்த வகை மலேரியா என்பதைப் பொறுத்துத்தான் மருந்து. வைவாக்ஸ் என்றால் இந்தியாவில் இன்றும் குளோரோகுயின் மூன்று நாள். கூடவே 14 நாள் பிரைமாகுயின், ஏனென்றால் வைவாக்ஸ் கல்லீரலில் தூங்கும் வடிவில் பதுங்கி மாதங்கள் கழித்து எழும். அந்தத் தூங்குமூஞ்சிகளைக் கொயினாவும் தொடாது, ஆர்டிமிசினினும் தொடாது.

2008, 2009 வாக்கில் மேற்குக் கம்போடியாவிலிருந்து கெட்ட செய்தி வந்தது: ஆர்டிமிசினின் கொடுத்தும் ஒட்டுண்ணி மெதுவாகத்தான் சாகிறது. குளோரோகுயின் தோற்ற அதே வட்டாரம். கெல்ச் 13 என்ற மரபணுவில் வரும் மாற்றம் இதற்குக் காரணம் என்று பின்னர் தெரிந்தது. இப்போது ருவாண்டா, உகாண்டாவிலும் அத்தகைய மாற்றங்கள் காணப்படுகின்றன. துணை மருந்து வலுவாக இருக்கும்வரை சிகிச்சை பலிக்கும். துணையும் தளர்ந்தால் சிக்கல்தான். கொயினா முழுக்க ஓய்வு பெறாததற்கு இதுவும் ஒரு காரணம். ஆர்டிசுனேட் கிடைக்காத இடத்தில் இன்றும் அதைத்தான் எடுக்கிறார்கள்.

இலைக்கு மாற்று தேடிய கதையும் உண்டு. கலிஃபோர்னியாவில் ஜே கீஸ்லிங்கின் குழு, செடியின் மரபணுக்களை ஈஸ்டுக்குள் வைத்து, ஆர்டிமிசினினுக்கு முந்தைய பொருளான ஆர்டிமிசினிக் அமிலத்தைத் தொட்டியில் நொதிக்கவைத்தது. 2013இல் சனோஃபி நிறுவனம் இத்தாலியில் இதைத் தொழிற்சாலை அளவில் தொடங்கியது. அந்த நேரம் பார்த்துச் சந்தையில் இலை மலிந்தது. செடியிலிருந்து எடுத்த ஆர்டிமிசினின் கிலோ 250 டாலருக்கும் கீழே இறங்கியது. ஈஸ்ட் சரக்கை 350 டாலருக்குக் குறைத்து விற்க முடியவில்லை. சில ஆண்டுகளில் ஆலையே கைமாறியது. விதைத்ததிலிருந்து மாத்திரையாகும்வரை ஒன்றரை ஆண்டு வரை ஆகும் அந்தச் செடியைச் சீனாவிலும் வியட்நாமிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் விவசாயிகள் இன்னும் பயிரிடுகிறார்கள். விலை ஏறிய ஆண்டில் எல்லோரும் விதைப்பார்கள், அடுத்த ஆண்டு இலை குவிந்து விலை விழும், அதற்கடுத்த ஆண்டு பலர் வேறு பயிருக்குப் போய்விடுவார்கள்.